முதல் பொம்மை வீடு: பசையை எப்போது திறப்பது?

கேள்வி இது: “வேளச்சேரியில் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறேன். பொம்மை வீட்டு கிட் ஒன்று வாங்கி நானே கட்டிப் பார்க்க ஆசை. மரவேலை எதுவும் தெரியாது. எப்படிப்பட்ட கிட் வாங்கலாம், எங்கிருந்து தொடங்கலாம்? எட்டு வயது மகளும் அதில் விளையாட முடியுமா?”

மரவேலை தெரிய வேண்டியதில்லை. கிட்டில் வரும் பலகைகளை இயந்திரமே வெட்டிக் கொடுத்துவிடுகிறது. உங்களுக்குத் தேவை வேலையின் வரிசை. எதற்கு முன் எது என்பது சரியாக இருந்தால், கை பழகாதவர்கள் கட்டிய வீடுகூடக் கண்ணுக்கு நிறைவாக வரும். முதல் வீடு கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பெட்டியைப் பிரித்த உற்சாகத்தில் சுவர்களை ஒட்டி நிறுத்திவிடுவார்கள். அப்புறம் உள்ளே வர்ணம் அடிக்கவும், தரை போடவும், விளக்குக்கு ஒயர் இழுக்கவும் கை நுழையாது. ஆகவே நான் சொல்லப்போகும் எல்லாமே பசையை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்பதைப் பற்றித்தான்.

முதலில் மகளைப் பற்றி. எந்த கிட் வாங்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். இணையக் கடைகளில் இப்போது அதிகம் கிடைப்பவை கையடக்க அறைகள்: ஒரு படிப்பறை, ஒரு பூக்கடை, ஒரு சமையலறை. லேசரில் வெட்டிய மெல்லிய பலகை, காகிதம், துணி, கம்பி, குட்டி எல்.இ.டி. விளக்கு எல்லாம் ஒரே பெட்டியில் வரும். ரோபோடைம், க்யூட்பீ போன்ற சீன நிறுவனங்களின் பெட்டிகள் இந்த வகைதான். பெட்டியில் பெரும்பாலும் 14 வயதுக்கு மேல் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியின் கால் தீக்குச்சித் தடிமன்தான் இருக்கும், குழந்தை ஒருமுறை அழுத்தி வைத்தால் முறிந்துவிடும். அதைவிடப் பெரிய கவலை பட்டன் பேட்டரி. குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது. பேட்டரிப் பெட்டிக்கு ஸ்க்ரூ போட்ட மூடி இல்லாவிட்டால் எட்டு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் அந்த வீட்டை வைக்காதீர்கள். வீட்டில் இன்னும் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்த வகை கிட்டின் பக்கமே போக வேண்டாம்.

விளையாடத்தான் வீடு என்றால் 1:12 அளவில், தடித்த பலகையில் வரும் வீட்டைப் பாருங்கள். ஆனால் அதை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் ஒற்றை அறை ஒன்றை உங்களுக்காகக் கட்டுங்கள், மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தரைக்குப் பட்டை ஒட்டுவது, வர்ணம் பூசுவது, மெத்தைக்குப் பஞ்சு அடைப்பது, சுவரில் மாட்டும் படத்தை வரைவது எல்லாம் அவளால் முடியும். கட்டரும் ஃபெவிக்விக்கும் உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். அதில் கிடைக்கும் பழக்கத்தோடு அவளுடைய வீட்டைத் தொடங்கினால் அது உறுதியாக நிற்கும்.

இந்த 1:12, 1:24 என்ற எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது. 1:12 என்றால் நிஜத்தில் ஓர் அடி இருப்பது வீட்டில் ஓர் அங்குலம். ஐந்தரை அடி ஆள் ஐந்தரை அங்குலம், அதாவது 14 செ.மீ. ஆகிவிடுவார். 1:24 என்பது அதில் பாதி, அதே ஆள் 7 செ.மீ. பார்பி பொம்மையோ 1:6 அளவு, கிட்டத்தட்ட 29 செ.மீ. உயரம். மகளிடம் பார்பி இருந்து, நீங்கள் 1:12 வீடு கட்டிக் கொடுத்தால் அந்தப் பொம்மையால் கூரையைத்தான் எட்டிப் பார்க்க முடியும். வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளாமல் ஏமாறுபவர்கள் நிறைய. உலகத்தில் பெரிதாகப் பேசப்படும் பொம்மை வீடுகளில் பல 1:12 அளவில்தான் இருக்கின்றன. இங்கிலாந்தின் மேரி ராணிக்காக 1921க்கும் 1924க்கும் நடுவில் கட்டிய வீடு விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும். அதை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதே ஆண்டுகளில் புது டெல்லியை வடிவமைத்துக் கட்டும் வேலையிலும் அவர் இருந்தார்.

நம் வீட்டுக் கொலுவில் அளவு பார்ப்பதில்லை. செட்டியார் பொம்மை கடையைவிடப் பெரிதாக இருக்கும், பார்க்கில் யானையைவிட மயில் உயரமாக நிற்கும், யாருக்கும் உறுத்தாது. பொம்மை வீட்டுக்குள் அப்படி இல்லை. அறையில் எல்லாம் ஒரே அளவில் இருக்கும்போது கண் அதை உண்மையென்று நம்பிவிடுகிறது. அதனால்தான் ஒரு பெரிய செம்பு வந்து உட்கார்ந்தாலும் அந்த நம்பிக்கை உடனே உடைகிறது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரி சமயத்தில் பித்தளைச் சொப்பு வாங்கினால், அட்டையில் 14 செ.மீ. உயரத்துக்கு ஓர் ஆளை வெட்டிக் கையோடு எடுத்துப் போங்கள். 1:24 வீடென்றால் 7 செ.மீ. அந்த ஆளின் பக்கத்தில் குடத்தை வைத்துப் பாருங்கள். இடுப்பில் தூக்கக்கூடிய குடமாகத் தெரிந்தால் வாங்கலாம்.

கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று மாடி, வளைந்த படிக்கட்டு, துருத்திய ஜன்னல்கள், கூரை விளிம்பெல்லாம் மரச்சரிகை என்று இருக்கும் ஆங்கிலேயர் காலத்து மாளிகைகள்தான் படத்தில் கண்ணைப் பறிக்கும். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவற்றில் பல 3 மி.மீ. பிளைவுட்டில் அச்சால் அழுத்தி வெட்டியவை. ஓரமெல்லாம் சிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், துண்டுகளும் மிக அதிகம். எம்.டி.எஃப். எனப்படும், மர நாரை அழுத்திச் செய்த தடித்த பலகையில் வரும் 1:12 வீடுகள் கட்ட எளிது, ஆனால் கனமானவை, பெரிய இடம் கேட்கும். முதல் முயற்சிக்கு என் ஓட்டு, முன்பக்கம் திறந்த, படிக்கட்டு இல்லாத, ஒன்று அல்லது இரண்டு அறை உள்ள லேசர் கிட். புத்தக அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே செருகி வைக்கும் குறுகலான தெருக்காட்சிகளும் வருகின்றன. அழகானவைதான், ஆனால் உள்ளே கை விட இடமே இருக்காது. அவை இரண்டாவது வேலைக்கு.

பெட்டி வந்ததும் முதல் நாள் எதையும் ஒட்ட வேண்டாம். குறிப்புப் புத்தகத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். தாள் தாளாக இருக்கும் பலகையிலிருந்து துண்டுகளை மொத்தமாகப் பெயர்த்தெடுத்துவிடாதீர்கள், எண் அச்சிட்டிருப்பது துண்டுக்குப் பக்கத்தில்தான். தேவைப்படும்போது மட்டும் எடுங்கள். எடுத்த உடனே பின்பக்கம் பென்சிலால் எண்ணை எழுதிவிடுங்கள். பேனாவால் எழுதினால் வர்ணத்தின் மேல் மை கசிந்து வரும். துண்டுகளை எண்ணி, ஏதாவது குறைந்தால் அன்றே விற்றவரிடம் சொல்லுங்கள். பசையும் பேட்டரியும் இல்லையென்று பயப்பட வேண்டாம். விமானத்தில் அனுப்புவதில் கட்டுப்பாடு இருப்பதால் பல பெட்டிகளில் அவை வருவதில்லை.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஸ்டீல் ஸ்கேல், பிளேடு உடைத்துப் போடும் கட்டர், அதற்கடியில் வைக்க ஒரு கட்டிங் மேட், ட்வீசர், 220 நம்பரும் 400 நம்பரும் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், ஒரு சின்ன மூலைமட்டம். பலகைகளை இறுக்கிப் பிடிக்கக் கொடியில் துணிக்குப் போடும் கிளிப்பும் ரப்பர் பேண்டும் போதும். பசை தொட்டு வைக்கப் பல்குச்சி.

இனி வரிசை. சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் பசையில்லாமல் பொருத்தி, மாஸ்கிங் டேப் போட்டு நிறுத்துங்கள். பலகை ஓரத்தில் நீட்டியிருக்கும் பல் எதிர்ப் பலகையின் துளையில் இறங்காவிட்டால் தட்டி இறக்கக் கூடாது, மெல்லிய பிளைவுட் பிளந்துவிடும். பல்லின் பக்கங்களை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். வீடு நின்றதும் அதைச் சுற்றி வந்து பாருங்கள். எந்தச் சுவரின் எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது, எது மறைகிறது, தரை எந்த இடத்தில் சுவரைத் தொடுகிறது, விளக்கு ஒயர் எங்கே கீழே இறங்கும் என்பதெல்லாம் இப்போதுதான் புலப்படும். தொடும் இடங்களிலெல்லாம் பென்சில் கோடு போடுங்கள். ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிரித்துவிடுங்கள்.

பிரித்த பலகைகள் மேஜையில் படுத்திருக்கும்போதே உள்வேலை எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்: வர்ணம், சுவர்க் காகிதம், தரை, ஒயருக்கான துளை. படுத்த பலகையில் ஒரு குழந்தைகூட நேராக வர்ணம் அடிக்கும். நின்ற அறைக்குள் தேர்ந்த பெயின்டராலும் மூலையில் பிசிறில்லாமல் அடிக்க முடியாது. இதெல்லாம் காய்ந்த பிறகுதான் சுவர்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். சுவர் சேர்ந்த பிறகு மூலைப்பட்டை, நிலை, ஜன்னல் சட்டம். அவைதான் இணைப்பில் விழுந்த சின்னச் சின்ன இடைவெளிகளை மறைப்பவை என்பதால் கடைசியில் வைப்பது நல்லது. மேஜை நாற்காலிகளை ஓய்வாக எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். உண்மையில் ஒரு நாற்காலியில் தொடங்கினால் பசையின் குணம் கைக்குப் பிடிபட்டுவிடும், கெட்டாலும் வீடு கெடாது.

சென்னையில் கட்டுபவர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஈரத்தைப் பற்றி. வெளிநாட்டு வீடியோக்களில் இதைச் சொல்வதே அரிது. கடலோர ஊரின் காற்றிலுள்ள ஈரத்தைப் பலகை குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வர்ணம் பூசினால் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும், மறுபக்கம் ஈரத்தை வாங்கி உப்பும், பலகை வெயிலில் வைத்த அப்பளமாக வளைந்துவிடும். ஆகவே வெளியே தெரியாத பக்கமாக இருந்தாலும் இரண்டு பக்கமும், ஓரங்களும் ஒரே நாளில் பூச வேண்டும். முதலில் மரத்தின் நுண்துளைகளை அடைக்க ஒரு பூச்சு வேண்டும், பெயின்ட் கடையில் சாண்டிங் சீலர் என்று கேட்டால் கிடைக்கும். மெல்லிதாக ஒரு கை பூசி, காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேல் வர்ணம் அடியுங்கள். சீலர் வாசனை கடுமையாக இருக்கும், பால்கனியில் வைத்துப் பூசுங்கள். எம்.டி.எஃப். என்றால் ஓரம்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும், அங்கே இரண்டு கை. பல்லையும் துளையையும் மட்டும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். எதுவும் பூசாத மரத்தில் பிடிப்பது போல் சீலர் பூசிய மரத்தில் ஃபெவிகால் பிடிக்காது.

சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள். நிழலில் காய வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு பட்டர் பேப்பர் இடையில் போட்டு அடுக்கி, மேலே கனமான புத்தகங்களை வையுங்கள். தொடங்க நல்ல காலம் தை, மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஃபெவிகாலும் வர்ணமும் காய எடுத்துக்கொள்ளும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். இந்த வருடக் கொலுவில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஆடி பிறந்ததும் உட்கார்ந்துவிடுங்கள். இன்னொன்று, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் 1:24 அளவுப் புத்தகங்களும் இலைகளும் அறையெங்கும் பறக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார முடிகிற விடிகாலை நேரம்தான் நம் ஊரில் இந்த வேலைக்கு ஏற்றது.

இப்போது பசையைத் திறக்கலாம். மரத்துக்கு மரம், மரத்துக்குக் காகிதம் என்றால் சாதாரண ஃபெவிகால் போதும், அதைவிட நல்லது தேட வேண்டாம். இரு பலகைகளைச் சேர்த்து, மூலைமட்டத்தை உள்மூலையில் வைத்து நேர்பார்த்து, கிளிப் போட்டு அரை மணி நேரம் அசையாமல் விடுங்கள். முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். வெளியே பிதுங்கியதை அப்போதே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பின்னால் அதன் மேல் மரச்சாயம் பூசினால் அந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். கம்பி, பிளாஸ்டிக், உலோக மணி இவற்றுக்கு ஃபெவிக்விக். அது இறுகுவதே காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால்தான் என்பதால் சென்னையில் இன்னும் வேகமாகப் பிடிக்கும், திருத்த நேரம் தராது. ஜன்னல் கண்ணாடியாக வரும் அக்ரிலிக் தகட்டின் பக்கத்தில் மட்டும் அதைக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி பட்ட இடம் வெள்ளையாகப் பூத்துவிடும், துடைத்தாலும் போகாது. கண்ணாடியைச் சட்டத்தின் ஓரத்தில் துளி ஃபெவிகால் தொட்டு ஒட்டுங்கள். அதற்கு முன் தகட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தை இரண்டு பக்கமும் உரித்தீர்களா என்றும் பாருங்கள். குளூ கன் வேகமாக இருப்பதால் பலருக்குப் பிடிக்கும். எனக்கு இந்த வேலைக்கு அது பிடிப்பதில்லை. அந்தப் பசை தடிமனாக நின்று இணைப்பை மூட விடாது, சித்திரை வெயிலில் இளகவும் செய்யும்.

சுவருக்கும் தரைக்கும் கிட்டோடு வரும் காகிதம்தான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் கல்யாணப் பத்திரிகைக்கான காகிதங்களில் மெல்லிய புடைப்பும் மினுக்கும் உள்ளவை கிடைக்கும். பூவேலை எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. தரைக்கு ஐஸ் குச்சியை நீளவாக்கில் வெட்டினால் மரப்பலகை ஆயிற்று. ஆத்தங்குடி ஓடு வேண்டுமென்றால் வடிவத்தைப் பிரின்ட் எடுத்து ஒட்டலாம். 8 அங்குல ஓடு 1:12 வீட்டில் 17 மி.மீ., 1:24 வீட்டில் எட்டரை மி.மீ. வரும். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்தால் ஃபெவிகால் ஈரம் பட்டு மை கலங்கும், ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் ஒட்ட மைதாப் பசை காய்ச்சுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், எறும்பும் கரப்பானும் தேடி வரும்.

துணிக்கு வீட்டிலுள்ள மெல்லிய பருத்தித் துண்டுகளே போதும். சுங்குடியின் சின்னப் புள்ளி போர்வைக்கு அழகாகப் பொருந்தும், பட்டுப் புடவைக் கரை எந்த அளவிலும் பொருந்தாது. திரைச்சீலையை அப்படியே மாட்டினால் விறைத்து நிற்கும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்திக் காய வைத்து எடுத்தால் நிஜத் திரைபோல் தொங்கும்.

விளக்கைப் பற்றிப் பயப்படாதீர்கள். கிட்டில் வருவது பெரும்பாலும் 3 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. கூடுதலாக வேண்டுமென்றால் ரிச்சி தெருவில் உதிரியாகவே கிடைக்கும். வார்ம் வொயிட் என்று கேளுங்கள், நீலம் கலந்த வெள்ளை ஒளியில் எந்த அறையும் மருந்துக் கடையாகத் தெரியும். எல்.இ.டி.யின் நீண்ட கால் பிளஸ். பேட்டரிக்குப் பதில் 5 வோல்ட் யூ.எஸ்.பி. சார்ஜரில் எரிக்க நினைத்தால் ஒவ்வொரு வெள்ளை எல்.இ.டி.க்கும் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும், நேரடியாகக் கொடுத்தால் கருகிவிடும். ஒயர்களை முறுக்கி இணைத்த இடத்தில் இன்சுலேஷன் போட்டு, அந்த இணைப்பு சுவருக்குள் புதையாமல் வீட்டின் பின்பக்கமோ தரைக்கடியிலோ வருமாறு பாருங்கள். பின்னால் ஒரு நாள் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். விளக்கை மாட்டுவதற்கு முன் ஒருமுறை, மாட்டிய பின் ஒருமுறை, கூரையை ஒட்டுவதற்குச் சற்று முன் இன்னொருமுறை எரியவிட்டுப் பாருங்கள். கூரை மூடிய பிறகு எரியாத விளக்கைச் சரிசெய்வது கட்டியதையே பிரிக்கிற வேலை.

கட்டி முடித்த வீட்டை மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்திலும் வேண்டாம், காகிதத்தின் நிறம் போய்விடும். தரையில் வைத்தால் கரையானுக்கு வழி. அலமாரித் தட்டில், சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். தூசுக்கு ஓர் அக்ரிலிக் மூடி செய்து போட்டால் நல்லது, முடியாவிட்டால் பெயின்ட் பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள். விளக்கு போடாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் முனைகள் பச்சை பிடித்துவிடும். கழற்றிய பேட்டரியை மகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க மறக்காதீர்கள்.